இருபத்தெட்டுக்குக் கீழே

காலை ஐந்தரை. கண்டனூர் சாலை சொசைட்டி.
வந்து இறங்கும் பாலில்
லாக்டோமீட்டரை மிதக்க விடுவது என் வேலை.
இருபத்தெட்டு என்றால் ஊற்றிக்கொள்வேன்.
இருபத்திரண்டு என்றால்
"என்னக்கா, ராத்திரி உங்க வீட்டுப் பக்கம் மழையா?"
சிரிக்காமல் தூக்கிப் போவார்கள்.

சேவுகன் பண்ணைப் பால் ஒருநாளும் குறைந்ததில்லை.
நாற்பத்தாறு கலப்பினம், வேளைக்கு இருநூற்றுப் பத்து லிட்டர்.
எனக்குச் சம்பளம் வருவதே அந்தப் பாலில்தான் என்பார் செயலாளர்,
தீபாவளி போனஸ் கவரை நீட்டும்போது.

நேர்மையான ஆள். பாலில் ஒரு சொட்டு சேர்க்க மாட்டார்.
தண்ணீரையெல்லாம் தரையில்தான் விடுவார்.
ஹோஸைத் திறந்தால்
சாணமும் மூத்திரமும் பினாயிலுமாய்
செம்புராங்கல் சரிவில் இறங்கி,
மழைக்கென்று எந்தக் காலத்திலோ
யாரோ வெட்டி வைத்த வரத்துக்காலைப் பிடித்து
சித்திரையிலும்
செக்கடி ஊருணிக்குத் தவறாத வரத்து.

கீரை மசித்துக் கொட்டின பச்சை.
எட்டுப் படி தெரியும், ஒன்பதாவது தெரியாது.
கெண்டைகள் வயிற்றைக் காட்டி ஒதுங்கிய வாரம்
பஞ்சாயத்து பலகை நட்டது:
கால்நடைகளைக் குளிப்பாட்டக் கூடாது.
பெயிண்ட் காய்வதற்குள்
ஒரு எருமை அதில் முதுகு சொறிந்துகொண்டது.

சேவுகனிடம் கேட்டும் பார்த்தேன்.
"குழி வெட்டு, கேஸுக்கு விடுங்கிறாங்க.
லோனுக்கு ஆறு மாசமா நடக்குறேன்.
லிட்டருக்கு நீங்க என்னத்தத் தர்றீங்க, சொல்லு?"
விலை வைப்பது நான் இல்லை.
ரசீதில் கையெழுத்து என்னுடையது.

ஆடியில் அவர் கன்றுகளுக்குக் கழிச்சல்.
ஊருணித் தண்ணி காட்டக் கூடாது என்று
டாக்டர் நிலோஃபர் சீட்டில் எழுதி, கீழே கோடும் போட்டார்.
அன்றிலிருந்து தினம் ஒரு டாட்டா ஏஸ்.
கன்றுக்குட்டிகளுக்கு எட்டு கேன் இறக்கிவிட்டு
மிச்சத்தோடு எங்கள் தெருவுக்கு வருகிறது.
கன்றுகள் முதலில். நான் குறை சொல்லவில்லை,
அவை கடன் வைப்பதில்லை.

நேற்று வேலை முடிந்து
ஒரு ஜாடி ஊருணித் தண்ணீர் மொண்டு வந்து
கருவியை விட்டேன்.
யாரும் கேட்கவில்லை. ஏன் செய்தேன் என்று எனக்கும் தெரியாது.
கழுத்துவரை இறங்கி
பூஜ்யத்தின் பக்கம் லேசாக ஆடி நின்றது.
தண்ணீர், என்றது.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெளியே டேங்கர் ஹாரன் அடித்தது.
கண்ணாடியில் ஒட்டிய பச்சையைக் கழுவ
முப்பது ரூபாய் கேனைச் சாய்த்தேன்.