இருபத்தெட்டு

கடிகாரத்தை ஓட்டியவன் நான்.
திரையில் என் பெயர் வந்ததில்லை.
வந்திருந்தாலும்
எல்லாரும் எழுந்து போன பிறகு
இசையோடு சேர்ந்து ஓடியிருக்கும்.

ஆஸ்லோ. எழுபத்தொன்பது, பிப்ரவரி.
கண்ணாடிக் கூண்டுக்குள் ஓட்வார் ஸ்டென்சேத்.
காதை முழுக்க மூடிய ஹெட்ஃபோன்,
யாரிடம் வாங்கியதோ, தோளில் நிற்காத கோட்டு.
அவன் எடுத்துக்கொண்ட பாடம் ஆலா.
ஒரே வருஷத்தில் இரண்டு கோடை பார்க்க
உலகத்தைக் குறுக்கே கடக்கிற பறவை.
ஆறு வாரம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.
மீன் லாரிக்காரர்கள் வழியில் நிறுத்தி
ஏதாவதொரு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தார்களாம்.

ஏழாவது வாரம், கடைசிக் கேள்வி.
முப்பது விநாடி.
அன்று எனக்குக் காய்ச்சல். இல்லை,
காய்ச்சல் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன்.
விரல் முந்திவிட்டது, அவ்வளவுதான்.
இருபத்தெட்டில் மணி அடித்தேன்.
அவன் வாய் திறந்திருந்தது.

நாடே பார்த்தது. ஒருவரும் எண்ணவில்லை.
அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி
கொக்கியில் மாட்டப் பார்த்தான்.
அங்கே கொக்கி இல்லை.
கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று, விவாகரத்து ஆயிற்று,
முழங்கால் ஒன்றை மாற்றி வைத்தார்கள்.
அந்த வாய் மட்டும் மூடவில்லை.
பல் விளக்கும்போது கண்ணாடியில் வரும்.

ஓய்வு பெற்று மூன்றாம் வருஷம் தேடக் கிளம்பினேன்.
பழைய வரிப் பட்டியல், சர்ச் பதிவேடு,
தப்பான இரண்டு ஓட்வார்கள்.
வடக்கே, சாலை கடலுக்கடியில் நுழைந்து
வெளியே வந்ததும் முடிந்துபோகிற வார்டோவில்
அவன் இல்லை. தங்கை குன்வோர் இருந்தாள்.
வாஃபிள் சுட்டாள். பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டாள்.

"ஸ்கூல் பஸ் ஓட்டினான், இருபத்தாறு வருஷம்.
பிள்ளைகள் ஏறும்போதே கேள்வி கேட்கும்.
தெரிந்ததற்கும் தெரியாது என்பான்.
நேரத்துக்கு வண்டியை எடுக்கவே மாட்டான்,
யாராவது ஓடிவருகிறார்களா என்று
கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பான்.
கம்பெனி மூன்று தடவை கடிதம் போட்டது."

இதில் அர்த்தம் தேடாதே என்று
மேஜைக்கடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

பஸ் கணக்குப் புத்தகங்களைக் காட்டினாள்.
ஒவ்வொரு மே மாதமும், டீசல் லிட்டருக்குப் பக்கத்தில்,
ஆலா வந்த தேதி.
கடைசித் தேதி வேறு கையெழுத்து.
"நான்தான்," என்றாள். "ஆஸ்பத்திரியிலிருந்து
போன் போட்டுக் கேட்டான்."

கேட்டேவிட்டேன்:
அந்தக் கடைசிக் கேள்விக்கு
அவருக்குப் பதில் தெரிந்திருந்ததா?

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் நின்றது.
"எங்கே தெரியும்?
ஆலாவைப் பற்றி அது ஒன்றுதான் தெரியாதாம்.
கூண்டுக்குள் வெக்கை தாங்கவில்லை,
தண்ணீர் கேட்க வாயைத் திறந்திருக்கிறான்,
அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.
தோற்றதைச் சொல்லவே மாட்டான்.
அந்தத் தண்ணீரைத்தான் சாகிறவரை சொன்னான்."

நாற்பது வருஷமும் கொஞ்சமும்
ஒரு பதிலைத் திருடியவனாக இருந்தேன்.
அதற்கு உடம்பு பழகியிருந்தது.
ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு
எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

"நீங்கள் அங்கே என்ன வேலை பார்த்தீர்கள்?"

"லைட்," என்றேன்.

"அப்போ அந்த வெக்கை உங்களால்தான்,"
என்றபடி
இன்னொரு வாஃபிளை என் தட்டில் வைத்தாள்.