தொடர்ச்சிக் குறிப்பு

என் வேலை எளிது.
முந்தைய ஷாட்டில் தேநீர் எவ்வளவு மிச்சமோ
அடுத்த ஷாட்டிலும் அவ்வளவே மிச்சம் இருக்கவேண்டும்.
கழற்றிய காதணி, ஈரத்தலை, மணிக்கட்டுத் தழும்பு (இடது),
எல்லாம் என் நோட்டில்.
நாற்பத்தேழு வாரமாக
செர்பிலுக்கு நான்தான் காவல்.

செர்பில் காடிகோயில் ஒரு தையற்கடையில் பட்டன் வைப்பவள்.
தங்கை மூழ்கிய நாளிலிருந்து படகு ஏறமாட்டாள்.
இருபது நிமிடத்தில் எதிர்க்கரை.
இவள் இரண்டு பேருந்து மாறிப் பாலம் சுற்றி
ஒன்றரை மணி நேரம் போவாள்,
ஜன்னலோரம் உட்காராமல்.
ஆறாம் எபிசோட், காட்சி முப்பத்தொன்று.

குழாயைக்கூட முழுதாகத் திறக்கமாட்டாள்.
அது யாரும் எழுதிக்கொடுத்ததில்லை.
நடிக்கிற பெர்ரின் தானாகச் செய்தது:
பாதி திறந்து, சட்டென்று மணிக்கட்டைத் திருப்பி மூடுவாள்.
இயக்குநர் கவனிக்கவில்லை.
நான் குறித்துக்கொண்டேன்.

சில ராத்திரி பொருள்களோடு சண்டை போடுவாள்.
காலையில் மாத்திரையை எண்ணி விழுங்குவாள்.
கீழ்வீட்டுப் பெண்ணின் கல்யாண உடைக்கு
விடியவிடிய முத்து தைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றாள்.
அடானாவிலிருந்து ஒருத்தி கடிதம் போட்டிருந்தாள்:
'செர்பில் விழுங்கும்போது நானும் விழுங்குகிறேன்.
விளம்பரம் வந்தால் தண்ணீரோடு காத்திருக்கிறேன்.'

பிறகு செவ்வாய்க்கிழமைப் புள்ளிகள் இறங்கின.
'பைத்தியத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்,' என்றார்கள்,
உப்பைச் சொல்வதுபோல.
மறுவாரம் அவள் கையில் கத்தி.
அதற்கடுத்த வாரம் அலமாரிக்குள் பக்கத்துவீட்டுக் குழந்தை.
விளக்கைக் கீழே இறக்கி முகத்தில் பச்சை அடித்தார்கள்.
எழுதினேன்: வெளிச்சம் கீழிருந்து. முன்பு இல்லை.

கடைசியில் கடல்.
வெள்ளை உடை, விடியல், தானாக நடந்து உள்ளே போகிறாள்.
தைலானிடம் நோட்டைக் காட்டினேன்.
'படகே ஏறாதவள், ஐயா.'
அவர் நல்ல மனிதர், தோளைத் தட்டினார்.
'இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?'

ஞாபகத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பிப்ரவரி. வெள்ளை உடைக்குள் ரப்பர் உடை.
பெர்ரின் முழங்கால்வரை போய் நின்றுவிட்டாள்.
காற்றில் மணிக்கட்டைத் திருப்பினாள்,
அத்தனை கடலையும் மூடப்பார்க்கிறவள் மாதிரி.
'கட்,' என்றார். 'ஏன் நின்றாய்?'
இரண்டாவது டேக்கில் நேராக நடந்தாள்.
அதுதான் ஒளிபரப்பானது.

அன்று மாலை துறையில் படகு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.
கால் என்னவோ பேருந்துப் பக்கம் திரும்பியது.
பாலத்து நெரிசலில், மடியில் நோட்டை வைத்து,
குலுங்கலில் கோணிய எழுத்தில்
அடானாவுக்கு எழுதினேன்:

கடலுக்குள் போனது செர்பில் இல்லை.
அது தொடர்ச்சிப் பிழை. என் கணக்கில்
அவள் இப்போது இரண்டாவது பேருந்தில் இருக்கிறாள்,
வீட்டுக்குப் போகத் தாமதமாகும்.
நீங்கள் காத்திருக்க வேண்டாம்.
மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?