கார்ட் போடேல்லையாம்

பற்றரி மாற்றினதோடு விற்ஸுக்கு வாய் கட்டிப்போச்சு.
பாட்டில்லை, செய்தியில்லை.
திரையில் யப்பான் எழுத்தில் நாலு வரி,
அதன்கீழ் ஒரு வெறும் பெட்டி
பூட்டுக்கு இலக்கம் கேட்டபடி.

“ஆனா அவ மட்டும் கதைக்கிறா, குகதாஸ்,
திறப்பைத் திருப்பினவுடன”
என்றார் புனிதமலர்.
ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில் இரத்தம் சோதிப்பவர்.
விடிய ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தில் ஏறுகிற ஆள்.

கொக்குவிலில் என் கொட்டிலுக்குள் மழைத்தண்ணி.
இரண்டு பலகை போட்டுக் காரை ஏற்றினேன்.
தொடரிலக்கத்தைப் பேலியகொடைக்கு அனுப்ப
ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குப் பதினாறு எண் வந்தது.
ஏழாவதில் பிழைவிட்டேன், விரலில் கிறீஸ்.
மறுபடி.
திரை வெளித்தது.

வெளித்து என்ன, வெள்ளை.
வெள்ளைக்கு நடுவில் சிவந்த ஓர் அம்பு
தெற்கைப் பார்த்து.
கே.கே.எஸ். வீதி இல்லை, தண்டவாளம் இல்லை,
பாலம் இல்லை, பாலத்துக்குக் கீழ் கடலும் இல்லை.
எட்டு வருசமாய் இந்த அம்பு
நிலமே இல்லாமல் வேலைக்குப் போய் வந்திருக்கிறது.

வீட்டுப் படம் போட்ட பொத்தானில் விரல் பட்டுவிட்டது.
எங்கேயோ ஓர் ஊர் விரிந்தது,
ஆறு, பள்ளிக்கூடம்போல் ஒன்று,
ஒழுங்கை முடக்கில் குட்டியாய் ஒரு கூரை.
“முந்தி வச்சிருந்த ஆக்களின்ர வீடு.
அழிச்சு உங்கட வீட்டைப் போடலாம்.”
“ரோட்டே இல்லாத இடத்தில எங்க போடுறது?
அது கிடக்கட்டும்.”

மிச்சம் இரைச்சல்.
அமத்த அமத்த நுளம்புபோல ஏறும்,
விட்டால் இறங்கும்.
ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லி
ஏற்கெனவே இரண்டுபேர் காசு வாங்கியிருக்கிறார்கள்.
கார்ப்பெற்றைக் கிளப்பினேன்.
எர்த் ஆணியில் பச்சைக் களிம்பு,
பண்ணைக் காற்றின் உப்பு,
பக்கத்தில் ஒரு பனடோல் தகடு.
அரத்தாளால் தேய்த்து இறுக்கியதும்
நுளம்பு செத்தது.

திறப்பைத் திருப்பினேன். அவள் சொன்னாள்,
வங்கிக் கவுண்டரில் இருப்பவளின் பணிவோடு.
“காலை வணக்கம் எண்டு நினைச்சு
ஒவ்வொரு நாளும் ‘ஓம் பிள்ளை, வாறன்’ எண்டுவன்.
என்ன சொல்லுறா?”

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
“கார்ட் போடேல்லையாம்.
அங்கத்தைய பெருந்தெருவில காசு வெட்டுற கார்ட்.
வேணுமெண்டால் வயரைக் கழட்டிவிடுறன், ஒரு நிமிச வேலை.”

அவர் சிரிக்கவில்லை.
கைப்பையைத் துழாவி
பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்
கியூஆர் மட்டையை எடுத்தார்,
லமினேற் பண்ணி ஓரம் வெடித்தது.
துவாரத்துக்குள் தள்ளினார்.

ஒரு நொடி.
பிறகு அவள் வேறொன்று சொன்னாள்,
நீளமாய், நடுவில் மூச்சு எடுத்து.

“புதுசா ஏதோ சொல்லுறா”
என்றார் புனிதமலர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு.

மொழிபெயர்க்கிற போன் சட்டைப்பையில் இருந்தது.
எடுக்கவில்லை.
எர்த்துக்கும் இலக்கத்துக்கும் மட்டும்
காசு சொன்னேன்.