ஒரு விழுக்காடு

சட்பரியில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தேழு,
ஆக்சிஜன் ஒரு விழுக்காடு.
நைட்ரஜன் உருளை சீறி அடங்குகிறது.
கையுறைத் துளைகள் வழியே
கைகளை மட்டும் உள்ளே அனுப்புகிறேன்.

யாருடைய கட்டி என்று எனக்குத் தெரியாது.
நானூற்றுப் பதினேழு என்றொரு எண்.
ஆண், அறுபத்தெட்டு, வலது நுரையீரல், மேல்மடல்.
பெயர் கேட்பதில்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கீழ்வீட்டு ரெஜானுக்கும் அறுபத்தெட்டு.
முப்பத்தொரு வருஷம் நிக்கல் சுரங்கம்.
நவம்பரில் வாசல் பனியைத் தள்ளும்போது
மண்வாரியில் சாய்ந்து நின்றுவிட்டார்.
அன்றிலிருந்து இரண்டு படிக்கட்டும் என் வேலை.

எந்த ஊர் என்று ஒருமுறை கேட்டார்.
நெய்வேலி, அதுவும் சுரங்கம்தான் என்றேன்.
படம் காட்டினேன்.
"வானம் தெரிகிறதே, இது எப்படிச் சுரங்கம்?"
சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது.

கெட்ட காற்றில் ஆள் சட்டென்று விழமாட்டான் என்பார்.
முதலில் உட்காருவான்.
விளக்கை எங்கே வைத்தோம் என்று மறப்பான்.
எப்படி இருக்கிறாய் என்றால்
நன்றாக இருக்கிறேன் என்பான்.
அவனைத் தேடிப் போனவனும்
பக்கத்தில் உட்காருவான்.

நுண்ணோக்கியில் இன்று அதைத்தான் பார்த்தேன்.
பச்சைப் புள்ளிகள், டி அணுக்கள்,
கொல்லத் தெரிந்தவை,
கட்டியின் விளிம்பில் கூட்டமாய்.
ரத்தக்குழாயிலிருந்து
இரண்டு தலைமயிர்த் தடிமன் தாண்டினால் காற்று இல்லை;
அங்கே சாயம் பழுப்பாக ஏறியிருக்கிறது.
அந்தப் பழுப்புக்குள்
ஏழு பச்சை எண்ணினேன்.
ஏழும் உட்கார்ந்திருந்தன.

உயிரணு ஒவ்வொன்றும் ஓயாமல் ஒரு சீட்டு எழுதுகிறது:
காற்றில்லை, காற்றில்லை.
நல்ல காற்று வந்து
ஐந்து நிமிஷத்துக்குள் அதைக் கிழித்துப் போடுகிறது.
காற்று வராத இடத்தில் கிழிக்க ஆளில்லை.
சீட்டுகள் குவியக் குவியக்
கட்டி தனக்குக் குழாய் இழுக்கிறது,
கோணல்மாணலாக, ஒழுக ஒழுக.
எரிக்க முடியாத சர்க்கரையைப் புளிக்கவைத்து
வாசலில் கொட்டுகிறது.
காவலுக்கு வந்தவன் தோளைத் தொட்டுச் சொல்கிறது,
உன் வேலை முடிந்தது, இளைப்பாறு.
பெருந்தீனி அணுக்களோ
இந்தப் புளிப்பில் கட்சி மாறி
கட்டிக்கே கொத்தனார் ஆகின்றன.

தட்டில் சிவப்பு ஊட்டநீர் மஞ்சளாகிவிட்டது.
இரவு பதினொன்றுக்குப் பாதித் தட்டுகளை
வெளிக்காற்றுக்கு மாற்றினேன்.
திரும்பிவிடும் என்று எழுத ஆசை.
சில திரும்பின.
சில, காற்று கொடுத்த பிறகும்
சும்மா இருந்தன,
யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தும்
எழுந்திருக்காதவர் போல.
இரண்டையும் நோட்டில் எழுதினேன்.
எத்தனை மணிநேரம் உள்ளே இருந்தால்
திரும்ப வழியில்லை என்ற கட்டத்தை
காலியாக விட்டேன்.

"அங்கே ராத்திரி முழுக்க என்ன செய்கிறாய்?"
விழித்திருந்தார் ரெஜான்.
மூக்கில் குழாய், நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர்,
மூலையில் இயந்திரம் பெருமூச்சு விட்டபடி.
உள்ளே போகிறவர்களுக்குக் காற்றுப் போதவில்லை,
அதைப் பார்க்கிறேன் என்றேன்.
"முதலில் விசிறி," என்றார், "அப்புறம்தான் ஆள்.
இது தெரியாமலா படித்தாய்?"

பிறகு அவராகவே,
டொராண்டோ டாக்டர் புது மருந்து சொல்கிறார்,
உடம்பின் சொந்தப் படையை எழுப்புமாம்,
வேலை செய்யுமா என்றார்.

சிலருக்குச் செய்கிறது என்றேன்.
அவர் தலையசைத்தார், ஷிப்ட் பட்டியல் கேட்டவர் போல.

படிக்கட்டில் பனி மறுபடி முழங்கால் மட்டம்.
முதலில் அவர் பக்கத்தைத் தள்ளினேன்.
என் மூச்சு ஒவ்வொன்றும்
வெள்ளையாய் முன்னால் நின்று கலைந்தது.
நானூற்றுப் பதினேழைப் பற்றி
நான் மூச்சு விடவில்லை.