முப்பத்தொன்றாம் பதிவு

மூன்றாம் முறையாகக் கட்டுரை திரும்பி வந்திருக்கிறது.
அறிவியலில் குறை ஏதும் இல்லையாம்.
பதினெட்டில் காற்புள்ளி விட்டுப்போயிற்று,
இருபத்திரண்டில் இதழின் பெயர் சாயவில்லை,
முப்பத்தொன்றைச் சரிபார்க்க முடியவில்லை.
தயவுசெய்து கவனிக்கவும்.

ஹவாசாவில் மழை. ஏழு மணிக்கே மின்சாரம் போய்விட்டது.
மடிக்கணினியில் நாற்பது சதவீதம் உயிர்.
நான் மிஹ்ரெட்.
பிறர் எழுதியதன் வாலைத் திருத்துவது என் உத்தியோகம்.
சாய வேண்டியதைச் சாய்ப்பேன்,
புள்ளிக்குப் பின் ஓர் இடம் விடுவேன்,
ஆசிரியர்கள் அதிகமானால் முதல் ஆளை நிறுத்திவிட்டு
மிச்சப் பேரை
'மற்றும் பிறர்' என்ற சாக்கில் போட்டுக் கட்டுவேன்.
பாவம் கொஞ்சம். சம்பளமும் கொஞ்சம்தான்.

முப்பத்தொன்று இப்படி இருந்தது:
கெப்ரேயெஸ், ஸெ. (1967).
என்செட் வாடல்: சில வயல் குறிப்புகள். ப. 9.

என்செட்
வாழைபோல் நிற்கும், உண்ணப் பழம் தராது.
அடியைச் சுரண்டி மண்ணுக்குள் புளிக்கவிட்டு
ரொட்டி சுடுவோம்.
அது வாடினால் தெருவே வாடும்.

பதினோரு கட்டுரைகள் இந்த கெப்ரேயெஸைச் சுட்டுகின்றன.
பதினொன்றிலும் ஒன்பதாம் பக்கம்.
பதினொன்றிலும் 'குறிப்புகள்' என்பதில்
ஒற்றெழுத்து ஒன்று காணவில்லை.
ஒருவர் அறிக்கையைப் பார்த்தார்.
பத்துப் பேர் அந்த ஒருவரைப் பார்த்தார்கள்.

ஆவணக் கிடங்கில் இரண்டு நாள்.
அறுபத்தேழின் பெட்டிகளில்
கரையான் படித்து முடித்த மழைக் கணக்கு,
ஒரு டிராக்டரின் ரசீது,
கெப்ரேயெஸ் மட்டும் இல்லை.
காப்பாளர் லெகெஸே சாவிக்கொத்தைச் சுழற்றியபடி கேட்டார்:
"எந்த அறுபத்தேழு?
நம்முடையதா, அவர்களுடையதா?"

சுவரில் இரண்டு நாட்காட்டி மாட்டி வைத்திருப்பவள் நான்!
நம் வருஷம் ஏழெட்டு வருஷம் பின்னால் வரும்,
அவசரப்படாமல்.
அட்டையில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்
அந்த முதல் ஆள்.

வேறு அலமாரி. வேறு தூசி.
முப்பது பக்கம், தட்டச்சு, துருப்பிடித்த ஊசி.
ஒன்பதாம் பக்கத்தில் நோயே இல்லை,
வழிச்செலவுக் கணக்குதான் இருக்கிறது.
முதல் பக்கத்தில் முழுப்பெயர்:
ஸெனெபெச் கெப்ரேயெஸ்.

எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது.
முன்னால் நாங்கள், பின்னால் அப்பா.
கூப்பிட்டால் எங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.
படிவமோ கடைசிச் சொல்லைப் பிடித்துத்
தலையில் உட்கார வைக்கும்,
பெண்ணை ஒற்றை எழுத்தாக்கிப்
புள்ளி வைத்து மூடும்.

அர்பா மிஞ்சில் இருக்கிறார், எண் கிடைத்தது.
நான்காவது மணியில் எடுத்தார்.
பின்னணியில் வானொலி, யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம்.
விஷயத்தைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
பிறகு சிரிப்பு, மூச்சு வாங்குகிற சிரிப்பு.

"கெப்ரேயெஸா? பதினோரு இடத்திலா?
அப்பாவுக்குக் கையெழுத்தே கட்டைவிரல்தானே, பெண்ணே.
கோவேறு கழுதை வாங்கி விற்றவர்."

உங்கள் பெயரை முன்னால் கொண்டுவருகிறேன் என்றேன்,
வீரமாக.
இதழோடு சண்டை போடத் தயாராகத்தான் இருந்தேன்.

"வேண்டாம். இருக்கட்டும்.
என்னைப் படிக்க அனுப்ப இரண்டு கழுதை விற்றார்,
அதில் ஒன்று சினை.
வருஷத்தை மட்டும் மாற்று.
அவர்களுடைய அறுபத்தேழில் நான் எட்டாம் வகுப்பு,
தாவரவியலில் தோற்றவள்."

அப்புறம், மெதுவாக:
"நாற்பது வருஷம். ஒருவர்கூடத்
தொலைபேசியில் கேட்கவில்லை."

பன்னிரண்டு சதவீதம்.
1967ஐ அழித்து 1975 என்று அடித்தேன்.
பக்கம் பதினேழு, அங்கேதான் நோய் இருக்கிறது.
விட்டுப்போன ஒற்றை வைத்தேன்.
கெப்ரேயெஸைத் தொடவில்லை.
'ஸெ.'யில் இருந்த புள்ளியை எடுத்துவிட்டு
மிச்சத்தையும் எழுதினேன்: ஸெனெபெச்.

விடியலில் பதில் வந்தது.
ஆசிரியரின் முதற்பெயர்
முதலெழுத்தாக மட்டுமே இருக்க வேண்டும், பதிவு 31.
தயவுசெய்து கவனிக்கவும்.

கவனித்தேன்.
அப்படியே திருப்பி அனுப்பினேன்.