பாதிச் சுமை

கழுத்தில் இரண்டு அட்டைகள்.
நீலப் பட்டியில் நான் பயிற்சி ஊழியர்,
சிவப்புப் பட்டியில் இரண்டாம் ஆண்டு மாணவி.
வியர்வையில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு
எந்த வாசலில் எதை நீட்டினாலும்
மற்றதும் கூடவே எட்டிப் பார்க்கிறது.

காலை ஏழரை, யீஷூன்.
மின்தூக்கிக் குழிக்குள் இறங்கினால்
பதினான்கு மாடியும் தவறவிட்டவை கிடக்கும்:
ஒரு சாவி, துணிக்கிளிப்பு,
விழாத எண்ணோடு நாலு இலக்கச் சீட்டு,
யாரோ வீடுவரை கொண்டு போகாத முட்டையின் மஞ்சள்.
குந்தியபடி துடைக்கிறேன்.
கயிற்றெண்ணெய் வாடை மதியச் சோற்றுக்கும் வரும்,
வெள்ளிக்கிழமை வகுப்புக்கும் வரும்.
ஷு ஹுய் ஒன்றும் சொல்லமாட்டாள்,
ஓர் இருக்கை தள்ளி உட்காருவாள்.

என்னோடு இறங்குகிறவன் அமிர்தகணேசன்.
பெரம்பலூர்ப் பக்கம் மெக்கானிக்கல், முதல் வகுப்பு.
இங்கே அவனுடைய அட்டையில்
அதை எழுத இடம் இல்லை.
என்னைவிட ஐந்து வயது கூட,
ஆனாலும் வாங்க போங்கதான்.
"உங்க பாடம் எதுவரைக்கும் வந்திருக்குங்க?"
சின்ன வயதில் பார்த்த படத்தின்
மீதிக் கதையைக் கேட்பதுபோலக் கேட்பான்.

புதன் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்
கணக்கை ஏற்றியாக வேண்டும்.
மொட்டைமாடி மோட்டார் அறையில், சாப்பாட்டு நேரத்தில்,
கைப்பேசியில் கேள்வியைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
கயிற்றில் அடையாளம் போடும் மார்க்கரால்
அட்டைப்பெட்டி மூடியில் எழுதினான்.
எதிர்எடை எவ்வளவு?
காலிக் கூண்டின் எடை,
அதோடு முழுச் சுமையில் பாதி.
"யாரும் ஏறாதப்பவும் கஷ்டம்,
எல்லாரும் ஏறுனாலும் கஷ்டம்.
நடுவாந்திரத்துக்குக் கட்டி வச்சிருக்கான் பாருங்க."
சோற்றுப் பொட்டலம் ஆறிப்போனது.
அவன் கையெழுத்து கல்லூரிக் கையெழுத்து,
மணிமணியாக.

படம் எடுத்துக்கொண்டு
ரயிலில் நின்றபடியே தட்டினேன்.
பீஷான் தாண்டியதும் தூங்கி
கம்பியில் நெற்றி இடித்துக்கொண்டேன்.
பதினொன்று ஐம்பத்தேழுக்கு ஏற்றியபோது
அம்மா கதவருகில் வந்து
நாளைக்கும் ஆறு மணிக்கா என்றாள்.
பதில் சொன்னேனா, நினைவில்லை.

வெள்ளி.
குளிரறை, பெரிய திரை.
உராய்வைப் புறக்கணிக்கவும்
என்கிறது நான்காம் கேள்வி.
புறக்கணிக்கலாம்.
ஒன்பதாம் மாடித் தண்டவாளத்தின் துருவிடம்
யார் போய்ச் சொல்வது?

மதிப்பெண் அன்று மாலையே வந்தது.
பத்துக்கு ஏழு.
மூன்றாம் வரியில் கூட்டல் வர வேண்டிய இடத்தில்
கழித்தல்.
அவன் போட்ட குறி,
நான் பார்க்காமல் எடுத்த குறி.

திங்கள், குழிக்குள்,
டார்ச்சை என் முகத்தில் அடித்துவிட்டு இறக்கி,
"எத்தனைங்க வந்துச்சு?"
பத்து, என்றேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
அன்று முழுக்க ஏணியை
என்னைத் தூக்க விடவில்லை.

மூடி இன்னும் மோட்டார் அறையில்தான் கிடந்தது.
அவன் கீழே போன நேரம் பார்த்து
கழித்தலின் மேல் ஒரே ஒரு நிற்கோடு போட்டேன்.
மறுநாள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டான்.
பார்த்தானா, தெரியவில்லை.

படிப்பு முடிந்தால், அடுத்த ஏப்ரலில்,
அவனது பணித்தாளின் கீழே
என் கையெழுத்து வரும்.
அவனுக்கு இது தெரியும்.
இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்று கூண்டின் கூரைமேல் நின்று
மெதுவாக ஏறிக்கொண்டிருந்தோம்.
மனத்துக்குள் நாளைய பரீட்சை ஓடிக்கொண்டிருந்தது,
ஐந்தாம் மாடி, ஆறாம் மாடி.
ஏழில், இருட்டுக்குள்ளிருந்து
எதிர்எடை இறங்கி வந்தது,
என் பக்கமாக, சத்தமே இல்லாமல்.

"தலைய உள்ள இழு!"

இழுத்தேன்.
அது கடந்து போன பிறகு,
எட்டாம் மாடியில்,
"மன்னிச்சுக்குங்க" என்றான்.