கனகாம்பர நிறம்

நாலு ரோட்டில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடி.
ஒரு மேசை, கறகறக்கும் ஒரு மின்விசிறி.
போனில் படிக்கிறவர்களுக்காக
மருந்துகளைப் பற்றித் தமிழில் எழுதுவது என் வேலை.

காசநோய் மாத்திரைக்கு இப்படி எழுதியிருந்தேன்:
"சிறுநீர் செம்மஞ்சள் நிறமாக மாறலாம்.
இதனால் தீங்கில்லை."
ஒரு டாக்டர் பார்த்தார். இன்னொரு டாக்டர் பார்த்தார்.
பார்த்தவர் பெயர் போட்டோம், தேதி போட்டோம்.
பிழை ஒன்றும் இல்லை.

பிழையில்லாத அந்த வரியை மடித்து வைத்துக்கொண்டு
கொண்டலாம்பட்டிக்கு பஸ் ஏறினேன்,
மாத்திரை சாப்பிடுகிற ஒருவர்
வாசித்துக் காட்டட்டும் என்று.

சாயப்பட்டறையில் அர்த்தனாரி.
முழங்கை வரை நீலம்.
என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து
வாயைக் கட்டிக்கொண்டார், நான் சொல்லாமலே.

மாத்திரையை அவர் நிறுத்திப் பதினொரு நாள்.

மூன்றாம் நாள் காலை கக்கூஸில்
சிவப்பாய்ப் போயிருக்கிறது.
போனைக் கேட்டிருக்கிறார்.
போனில் ஒரு வெள்ளைக் கோட்டு,
பின்னால் அடுக்கிய நெல்லிக்காய்ப் பொடி டப்பா:
கிட்னி கரைகிறது, இன்றே நிறுத்துங்கள்.
அட்டையை மட்டும் வீசவில்லை.
கவர்மெண்டு சொத்தாச்சே என்று
சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்தார்.

என் வரியை நீட்டினேன்.
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
"செம்மஞ்சள்னா?"

முப்பது வருஷமாய் நூலுக்கு நிறம் ஏற்றுகிறவர்.
மயில்கழுத்து, மாம்பழம், வாடாமல்லி,
மிளகாய்ப்பழம், எள்ளுப்பூ.
அவருடைய எந்தத் தொட்டியிலும் இல்லாத ஒரு நிறத்தை
புத்தகத்திலிருந்து நான் தூக்கி வந்திருக்கிறேன்.

"கனகாம்பரம்னு போடுங்க.
அன்னைக்குப் போனது அச்சு அசல் அதான்."

பிறகு விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது.
காகிதத்தில் ஒரு நீலப் புள்ளி.
"மாறலாம்னு இருக்கு. மாறுமா, மாறாதா?
மொதலாளி கிட்ட முன்பணம் கேட்டா
பார்க்கலாம்பாரு. இல்லைன்னு அர்த்தம்.
எம்பொண்ணைப் பார்க்க வந்தவங்க
யோசிச்சுச் சொல்லலாம்னாங்க. அதுவும் இல்லைதான்.
எப்ப வேணா வீட்டுக்கு வரலாம்னா
வாங்கன்னு அர்த்தம்.
நீங்க எந்த லாம்?"

மின்சாரம் போய்
பட்டறை ஒரு கணம் அமைதியானது.

நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்று சொல்ல
அந்த ரெண்டெழுத்தை விட்டால் எனக்கு நாதியில்லை.
எடுத்தால் பொய். வைத்தால் புகை.
நெல்லிக்காய்ப் பொடிக்காரன்
ஒரு லாம்கூடச் சொல்லவில்லை.
அதனால்தான் அவனை நம்பியிருக்கிறார்.

"அப்ப இன்னைக்கு ராத்திரியே போட்டுக்கட்டுமா?"
"அதை நான் சொல்லக் கூடாது.
நடுவில் விட்டிருக்கீங்க, டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்."
"எழுதறவங்களுக்கே தெரியாதா?"
"தெரியாது."

அந்த ஒரு சொல்லுக்குத்தான்
அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.
டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவர் முன்னால்,
என் பையோடு நான் பின்னால்.
சுகாதார நிலையத்தில் நர்ஸ் கிருபாவதி
திட்டவில்லை. பதினொன்று என்று எழுதிக்கொண்டு
எடை பார்க்கும் மெஷினைக் காட்டினார்.

ராத்திரி மேசையில் அமர்ந்து எழுதியது:

"இந்த மாத்திரை சாப்பிடும் பலருக்கு
மூத்திரம் கனகாம்பர நிறத்தில் போகும்.
சிலருக்கு வியர்வை, கண்ணீர்கூட.
அது மருந்தின் சாயம்.
அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
கண் மஞ்சளானால், வாந்தி நிற்காமல் போனால்
அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்."

முதல் டாக்டர் மூத்திரத்தை அடித்துவிட்டு
சிறுநீர் என்று போட்டார். நான் திரும்பப் போட்டேன்.
இரண்டாமவர் கேட்டார்:
கனகாம்பரத்துக்கு என்ன ஆதாரம்?

பழைய பஸ் ஸ்டாண்டில் அரை முழம் வாங்கினேன்.
பூக்காரம்மா கொண்டை ஊசி நீட்டினாள்.
"தலைக்கு இல்லைங்க," என்றேன்,
"சரிபார்க்க."